மூடி போட்ட சாம்பல் வாளி

“...கதவையும் ஒடச்சுப்புட்டீங்க. போர்ட்டா கேபின் கதவு பாய் அது. கடையில போயி ஒண்ணு வாங்கியாந்து மாட்டிர முடியுமா? அர்பாபு வந்து கேட்டா நான் என்னத்தச் சொல்லுவேன்?”

ஈர மணலில் கால் நீட்டி உட்கார்ந்து, சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு செல்வராசு இப்படிக் கேட்டார். அதற்குச் சற்று முன்புவரை அவர் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தவர். நானும் என் போர்மேன் மீரான் காக்காவும் அவரைக் கக்கத்தில் கை கொடுத்து வெளியே இழுத்துப் போட்டிருந்தோம். கன்னத்தில் தட்டி, முகத்தில் தண்ணீர் தெளித்து, அவர் வாந்தி எடுத்த பிறகுதான் கண் திறந்தார். திறந்த கண்ணில் முதலில் பட்டது உடைந்த கதவு. போன உயிர் திரும்பி வந்திருக்கிறது, மனிதருக்குக் கதவுக் கவலை.

வளைகுடாவில் நான் வேலை பார்த்த காலமெல்லாம் சேர்த்து, என் கண் முன்னால் உடைபட்ட கதவுகள் இரண்டுதான். இரண்டும் அந்த ஒரே காலையில்.

இதை எழுத வேண்டும் என்று இத்தனை நாள் தோன்றியதில்லை. ஷார்ஜாவில் கடைசிக் கொஞ்ச நாள் என்னோடு வேலை பார்த்த ரவி போன மாதம் கைப்பேசியில் ஒரு படம் அனுப்பியிருந்தார். பெரிய வீட்டு வரவேற்பறை. சுவருக்குள் கண்ணாடி, கண்ணாடிக்குப் பின்னால் மஞ்சளாகத் தீ. “எல்லாம் கரண்டு, அண்ணே. கைய வச்சாக்கூட சுடாது. இப்ப வர்ற வேலையெல்லாம் இதுதான். நீங்கள்லாம் அந்தக் காலத்துல அப்படி என்னத்துக்குப் பயந்தீங்க?” என்று குரலில் பேசி அனுப்பியிருந்தார். நானும் பேசி அனுப்பலாம் என்று கைப்பேசியை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். பேச்சு வரவில்லை. எழுதினால் வரும் போலிருந்தது. ரவிக்கு இதுதான் பதில்.

நான் பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கொத்தனார். பள்ளிக்கூடம் எனக்குப் பாதியிலேயே கசந்துவிட்டது. மற்றதெல்லாம் பிறர் பேச்சைக் கேட்டுக் கேட்டுச் சேர்த்துக்கொண்டதுதான். இரண்டாயிரத்துக்குப் பிறகு துபாய்ப் பக்கம் வீடுகள் முளைத்துக்கொண்டே இருந்த நேரத்தில் போய் இறங்கினேன். ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு பட்டறை. விறகு எரிக்கும் இரும்புப் பெட்டிகளை வெளிநாட்டிலிருந்து இறக்கி, பணக்காரர் வீடுகளில் பொருத்திக் கொடுப்பது அவர்கள் தொழில். நான் தங்கியிருந்தது அதே ஊரில் ரோலா என்ற பகுதியில், பலர் சேர்ந்த அறையில். என் வேலை என்னவென்று தெரிந்த நாளில் அறையில் சமையல் முறைக்கு நின்ற ராமையா அண்ணன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

“பாலைவனத்துக்கு வந்து அடுப்பு மூட்டுற வேலையா? அடுத்த கம்பெனி எதுடா, கடலுக்குத் தண்ணி ஊத்துறதா?”

சிரிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் மலையடிவாரப் பண்ணை வீடுகளில் மார்கழி தை மாதத்தில் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பார்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். பல் கிட்டிக்கும். அரபிகளுக்குத் தீயைச் சுற்றி உட்கார்ந்து பேசுவது என்றால் அவ்வளவு பிரியம். மஜ்லிஸ் என்று அவர்கள் சொல்லும் விருந்தினர் அறைச் சுவரில் ஏற்கெனவே ஒரு கணப்புக் குழி கட்டியிருப்பார்கள். அதில் விறகு எரித்தால் சூட்டில் முக்கால்வாசி கூரைக்கு மேலே போய்விடும். அந்தக் குழிக்குள் ஓர் இரும்புப் பெட்டியைச் செருகி, அதன் தலையிலிருந்து கூரைவரை எஃகுக் குழாய் விட்டு, முன்னால் கண்ணாடிக் கதவு மாட்டிவிட்டால் கொஞ்ச விறகிலேயே அறை முழுக்கச் சூடு நிற்கும். ஆங்கிலத்தில் இன்சர்ட் என்பார்கள். நாங்கள் பெட்டி என்போம். கதவோரத்தில் புகை கசியாமலிருக்கத் தீயில் வேகாத கயிறு ஒன்று சுற்றிவரும். கீழே காற்றைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு. அவ்வளவுதான் பெட்டி. அதற்குள்தான் எல்லாப் பயமும்.

குழி அளப்பதும் குழாய் இறக்குவதும் ஒரு வருடத்தில் கைக்கு வந்துவிட்டது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பயப்படக் கற்றுக்கொண்டது மீரான் காக்காவைப் பார்த்து.

காக்கா அதிராம்பட்டினத்துக்காரர். அந்த ஊர் முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள். நானும் பக்கத்து ஊர் என்பதால் எனக்கும் அவர் காக்காதான். ஒல்லியான ஆள். கைக்கடிகாரத்தைக் கழற்றி இடது பைக்குள் போட்டால் வேலை ஆரம்பம் என்று அர்த்தம். வலது பைக்குள் எப்போதும் ஓர் ஊதுபத்தி பாக்கெட். வாசனைக்காக வைத்திருக்கிறார் என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் யாரையும் திட்டிப் பார்த்ததில்லை. நான் தப்பாகப் பூசிய சுவர் முன்னால் நின்று, “யாரு பூசுனது? அழகா இருக்கு. இப்ப உடை” என்பார். அவ்வளவுதான். உடைத்துவிட்டு மறுபடி பூச வேண்டும். ஒரு வீட்டைவிட்டுக் கிளம்பும்போது இன்னொரு வழக்கம். கொண்டுவந்த சாமான், கழற்றிய சாமான், மிச்சம் விழுந்த துண்டு எல்லாவற்றையும் ஒருதரம் கண்ணால் தடவிவிட்டுத்தான் வண்டி ஏறுவார். ஒரு ஆணி குறைந்தாலும் நகர மாட்டார். “எடுத்தது எங்கயாச்சும் இருந்தாகணுமே பழனி. காத்துல கரையாதுல்ல” என்பார். வெயிலில் வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு எனக்கு எரிச்சலாக வரும்.

ஊதுபத்தி எதற்கென்று எனக்குத் தெரிந்தது துபாயில் ஒரு வில்லாவில். பெட்டி பொருத்தி முடித்து, வீட்டம்மா மெழுகுவர்த்தியெல்லாம் அடுக்கி, பிள்ளைகள் தரையில் வரிசையாக உட்கார்ந்து தீ மூட்டுவதைப் பார்க்கக் காத்திருந்தார்கள். காக்கா தீக்குச்சியை எடுக்கவில்லை. வீட்டுக் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தச் சொன்னார். சமையலறையில் புகை இழுக்கும் விசிறியைப் போடச் சொன்னார். குளியலறை விசிறிகளையும். பிறகு பெட்டிக் கதவை ஒரு விரல் அளவு திறந்து, அந்த இடுக்கில் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திப் பிடித்தார்.

புகை பெட்டிக்குள் போய்க் குழாய் வழியாக மேலே ஏற வேண்டும். அது நேராக எழும்பி, ஒரு கணம் யோசிப்பதுபோல நின்று, எங்கள் பக்கம் சாய்ந்தது. பிள்ளைகள் உட்கார்ந்திருந்த பக்கம்.

“பாத்தியா, பெட்டி நம்ம மேல மூச்சு விடுது” என்றார் காக்கா, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

ஏசிக் குளிர் ஒரு சொட்டு வெளியே போகக் கூடாது என்று இண்டு இடுக்கெல்லாம் ரப்பர் வைத்து அடைத்துக் கட்டிய வீடு. அப்படிப்பட்ட வீட்டில் சமையலறை விசிறி காற்றை வெளியே தள்ளினால், அதற்கு ஈடான காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். புகைக்குழாய்தான் வழி. மேலே போக வேண்டியது கீழே இறங்கும். அந்த அம்மாவிடம் காக்கா அரபியில், “இன்னிக்கு நெருப்பு மாஃபி”, கிடையாது, என்று சொல்லிவிட்டார். அந்த அம்மாவுக்குக் கோபம். விருந்துக்கு ஆள் வருகிறார்களாம். காக்கா அசையவில்லை. வெளிக்காற்று வர மறுநாள் சுவரில் துளை போட்டு, பெட்டிக்குத் தனியாகக் குழாய் கொடுத்தோம். மறுபடி ஊதுபத்தி. இந்தத் தடவை புகை உள்ளே ஓடி ஒளிந்துகொண்டது. அப்புறம்தான் தீக்குச்சி.

திரும்பும் வழியில் வண்டியில் அவர் சொன்னதை இன்றும் அதே குரலில் கேட்க முடிகிறது எனக்கு.

“கண்ணுக்குத் தெரியிற புகைக்கு நான் பயப்பட மாட்டேன் பழனி. அது வந்தா இருமுவே, எந்திரிச்சு ஓடிருவே. அதுக்குள்ள தெரியாதது ஒண்ணு இருக்கு. நெறம் கெடையாது, வாசம் கெடையாது. தலை வலிக்கிற மாதிரி இருக்கும், அப்புறம் தூக்கம் வர்ற மாதிரி இருக்கும். நல்ல தூக்கம்னு நெனச்சுக்கிட்டே போயிருவே.”

அதன் பிறகு ரோலா அறையில் படுத்தால் எனக்குத் தூக்கத்தின்மேலேயே சந்தேகம். இது தானாக வரும் தூக்கமா, வேறெதுவுமா என்று எழுந்துபோய் ஜன்னலைத் திறந்து வைப்பேன். “ஏசி போட்டுட்டு ஜன்னலத் தொறக்குற கிறுக்கன் உலகத்துலயே இவன் ஒருத்தன்தான்” என்று ராமையா அண்ணன் போர்வைக்குள்ளிருந்து சொல்வார். அந்த விஷக்காற்று பட்டால் கூவும் சின்ன மணிப்பெட்டி ஒன்று உண்டு. காக்கா பெட்டி பொருத்திய எந்த மஜ்லிஸும் அது இல்லாமல் இருந்ததில்லை.

இன்னொரு வீடு. அங்கே பயந்தது சத்தத்துக்கு. அந்த வீட்டு டிரைவர், ஜெபல் அலி கிடங்குகளில் சாமான் வைத்து வரும் மரத் தட்டுகளைச் சும்மா கிடைக்கிறதே என்று வண்டி வண்டியாகக் கொண்டுவந்து எரித்திருக்கிறார். சாயம் பூசியது, எண்ணெய் குடித்தது, மழையில் நனைந்தது எல்லாம் அதில் சேர்த்தி. ராத்திரி முழுக்கக் கனன்றுகொண்டிருக்கட்டும் என்று காற்றுத் திருகையும் இறுக மூடிவிடுவாராம். ஈர மரம் மூச்சு முட்டி எரிந்தால் புகை தாராகி, குழாயின் உள்பக்கத்தில் அப்பிக்கொள்ளும். கண்ணாடி கறுத்துப்போச்சு என்று கூப்பிட்டார்கள். நாங்கள் போய் இறங்கும்போதே பெட்டி எரிந்துகொண்டிருந்தது. வாசல்படியில் கால் வைக்கையில் ஒரு சத்தம் கேட்டது. மேலே விமானம் போகிறது என்று நினைத்தேன். போகிற விமானத்தின் சத்தம் தேய வேண்டாமா? இது ஏறிக்கொண்டே போனது. கூரைக் குழாயின் உச்சியிலிருந்து நெருப்பு பீய்ச்சிக்கொண்டிருந்தது.

வீட்டுக்காரர் வாளித் தண்ணீரோடு ஓடிவந்தார். காக்கா குறுக்கே கை நீட்டித் தடுத்தார். கொதிக்கும் இரும்பில் தண்ணீர் பட்டால் வெடித்துச் சிதறும். பெட்டிக் கதவை அழுத்திச் சாத்தினார். காற்றுத் திருகைக் கடைசிவரை மூடினார். “எல்லாரும் வெளிய, யல்லா யல்லா” என்றார். குரல் உயரவே இல்லை. கடைசி ஆள் வெளியேறிய பிறகுதான் அவர் வந்தார். வந்து தீயணைப்புக்குப் போன் போட்டார். போட்டுவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டார். அப்போதுதான் பார்த்தேன், வலது பைக்குள்ளிருந்த ஊதுபத்தி பாக்கெட்டைக் கசக்கிப் பொடியாக்கியிருந்தார். குழாய் தாங்கியது. வீடும் தப்பியது.

“பயமா காக்கா?” என்று கேட்டேன்.

“பயப்படாதவன இந்த வேலைக்கு வைக்கவே கூடாதுப்பா” என்றார்.

இனி செல்வராசு.

ராசல் கைமா மலையடிவாரத்தில் ஒரு பண்ணை வீடு. அர்பாப், அதாவது முதலாளி, குடும்பத்தோடு விடுமுறைக்கு மட்டும் வருவார். மற்ற நாளில் அங்கே இருப்பது செல்வராசு ஒருவர்தான். அரியலூர்ப் பக்கத்துக்காரர். தோட்டம், காவல், விருந்தாளி வந்தால் டீ எல்லாம் அவர் பொறுப்பு. இருபது ஆள் பேச்சை ஒருவரே பேசுவார். வேலிக்கு அந்தப் பக்கம் ஓர் ஆட்டுப்பட்டி. அங்கே குல் கான் என்று ஒரு பட்டாணியர் தனியாக இருந்தார். செல்வராசுக்குப் பேச்சுத்துணை அவர்தான். இவருக்கு இந்தி பாதி, அவருக்கு இந்தி பாதி. இரண்டு பாதியும் சேர்ந்தாலும் ஒரு முழு இந்தி ஆகாது. ஆனாலும் மணிக்கணக்கில் பேசுவார்கள். மஜ்லிஸில் மிஞ்சும் பிரியாணி, பழம், ரொட்டி எது கையில் வந்தாலும் செல்வராசு அதில் பாதியை வேலிக்கு மேலே நீட்டிவிடுவார். “தனியா தின்னா எனக்குச் செமிக்காது அண்ணே” என்பார். பதிலுக்கு அங்கிருந்து ஒரு சொம்பு ஆட்டுப்பால் வரும்.

பெட்டி பொருத்தி முடித்த அன்று காக்கா அவரை உட்கார வைத்து எல்லாம் சொன்னார். காய்ந்த விறகு மட்டும். மரத்தட்டு, சாயம் பூசிய பலகை, பச்சை மட்டை கூடாது. கதவைத் திறக்கும்போது முதலில் ஓர் இடுக்கு, அப்புறம் முழுசாக, இல்லாவிட்டால் புகை முகத்தில் அடிக்கும். கண்ணாடியைச் சூட்டோடு ஈரத்துணியால் துடைக்கக் கூடாது. கடைசியாகச் சாம்பலுக்கு வந்தார். எங்கள் கம்பெனி ஒவ்வொரு பெட்டியோடும் ஒரு வாளி கொடுக்கும். கனத்த தகரம், இறுக்கமான மூடி. அதைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“சாம்பல் அணைஞ்சிருச்சுன்னு நம்பாத. மேல சாம்பல் போத்தியிருக்கும், அடியில கங்கு உசுரோட கெடக்கும். மறுநாளும் கெடக்கும். அள்ளி இந்த வாளில போடு. மூடிய அழுத்து. வெளிய, அந்தக் கல்லு மேல வை. கட்டடத்துக்குள்ள இது வரவே கூடாது.”

“என்ன பாய் இது, இம்புட்டுச் சூட்ட வெளிய குந்த வைக்கச் சொல்றீங்க? எங்கம்மா என்னைப் பெத்தப்ப கங்குச் சட்டிய கட்டிலுக்கு அடியிலயே வச்சிருந்துச்சாம். அந்தச் சூட்டுலதான் நான் இந்தக் கலரு!”

காக்கா அபூர்வமாகச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, “உங்கம்மா வீட்டுக்கு ஓடு போட்டிருக்கும். ஓட்டு இடுக்குல வெளிச்சம் தெரியுமா தெரியாதா?” என்று கேட்டார்.

“மழையே தெரியும் பாய்.”

“அதான் நீ பொழச்சே.”

செல்வராசு இதையும் ஒரு நகைச்சுவையாகவே எடுத்துக்கொண்டார். வாளியைக் கல்மேல் கொண்டுபோய் வைத்து, ராணுவக்காரர் மாதிரி அதற்கு ஒரு சல்யூட் அடித்தார்.

அடுத்த குளிர்காலம். தொடர்ந்து மழை பெய்து, மலையிலிருந்து தண்ணீர் இறங்கி, ஊரே விறைத்துக் கிடந்த நேரம். வருடத்துக்கு ஒருமுறை குழாயைத் தேய்த்து எடுத்து, கதவோரக் கயிறு மாற்ற வேண்டிய முறை வந்தது. முந்தின நாள் செல்வராசுவே போனில் பேசினார். அர்பாப் வீட்டில் விருந்து நடக்கிறது, விடிந்ததும் எல்லாரும் துபாய் திரும்பிவிடுவார்கள், நீங்கள் வெயில் ஏறி வந்தால் பெட்டியை வழித்துச் சுத்தமாக வைத்திருக்கிறேன் என்றார். இருமல் மருந்து வாங்கிவரச் சொன்னார். மழையில் நனைந்து குல் கானுக்கு நெஞ்சுச்சளியாம்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாசல் கதவு திறந்திருந்தது. வண்டிச் சத்தம் கேட்டால் ஓடிவரும் ஆள் வரவில்லை. குளித்துக்கொண்டிருப்பார் என்றேன். மஜ்லிஸுக்குள் போனோம். மணிப்பெட்டியில் பச்சை விளக்கு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. சொன்ன சொல் மாறாமல் பெட்டியை வழித்துத் துடைத்திருந்தார். காக்கா கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு, இரும்பைத் தொட்டுப் பார்த்தார். இளஞ்சூடு. திரும்பி வாசல் வழியாகக் கல்லைப் பார்த்தார்.

கல் மழையில் கறுத்திருந்தது. நடுவில் மட்டும் வட்டமாக, வாளி இருந்த இடம் காய்ந்து வெளுத்திருந்தது. வாளி இல்லை.

“பழனி, வாளி எங்க?”

கொட்டப் போயிருப்பார் என்று சொல்ல வாயெடுத்தேன். காக்காவின் முகத்தைப் பார்த்ததும் சொல்லவில்லை. அவர் வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் நடந்தார். நடை என்று சொல்ல முடியாது அதை.

பின்னால் செல்வராசுவின் கேபின். தகரப் பெட்டி மாதிரி ஓர் அறை. குளிருக்கு ஏசி வேண்டாம் என்று அதைக் கழற்றி, அந்த ஓட்டையில் பஞ்சை அடைத்து, மேலே அட்டை வைத்து டேப் ஒட்டியிருந்தார். ஜன்னல் ஓரத்திலும் டேப். மணல் காற்றுக்குப் பயந்து ஒட்டியது. கதவு உள்பக்கம் பூட்டியிருந்தது. வெளியே அவர் செருப்பு, ஒன்றுமேல் ஒன்று ஏறிக் கிடந்தது.

தட்டினேன். கூப்பிட்டேன். அவர் கைப்பேசிக்குப் போன் போட்டேன். உள்ளே மணி அடித்தது. அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டேன். கதவுக்கு அந்தப் பக்கம், கை நீட்டினால் எடுக்கும் தூரத்தில் அது அடித்துக்கொண்டே இருந்தது.

“அர்பாப்கிட்ட இன்னொரு சாவி இருக்கும் காக்கா, கேக்கட்டுமா?”

“சாவி வர்றவரைக்கும் அவன் மூச்சு தாங்குமா? கடப்பாரைய எடு. கதவு விழுந்ததும் நேரா உள்ள போகாத. வெளியிலயே மூச்ச இழுத்து அடக்கு. அடக்குன மூச்சோட போயி, அதோடயே வெளிய வரணும். உள்ள ஒரு மூச்சுகூட எடுக்காத. கேட்டுச்சா?”

கேட்டது. கடப்பாரையைச் சந்தில் விட்டு நெம்பினேன். பூட்டு தெறித்து, கதவு ஒரு கீலில் தொங்கியது. காக்காவும் நானும் மூச்சை அடக்கிக்கொண்டு நுழைந்தோம். செல்வராசு கழுத்துவரை போர்த்திக்கொண்டு, சாயங்காலம் சற்றுக் கண்ணயர்ந்தவர் மாதிரி ஒருக்களித்துப் படுத்திருந்தார். அவ்வளவு நிம்மதியான முகம். கட்டில் காலடியில் எங்கள் வாளி. மூடி திறந்திருந்தது. சாம்பலுக்குள்ளிருந்து ஒரு சிவப்பு, மெத்தென்று, கோயில் விளக்கு மாதிரி.

ஒரு பொட்டுப் புகை இல்லை அந்த அறையில். இன்றும் என்னை உலுக்குவது அதுதான். அவரை இழுத்துப் போட்டுவிட்டு வாசலில் நின்று முதல் மூச்சை இழுத்தபோது அவர் போர்வையிலிருந்து வந்தது தேங்காயெண்ணெய் வாசமும் சோப்பு வாசமும். வேறு எதுவுமே இல்லை. நம் வீடுகளில் சாயங்காலம் வருமே, அதே வாசம்.

காக்கா ஒரு கம்பியால் வாளியை வெளியே இழுத்து மணலில் தள்ளினார். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார். மலைப்பாதையில் தண்ணீர் ஓடுகிறது, சுற்றித்தான் வர வேண்டும் என்றார்கள். காத்திருந்தோம். பிறகுதான் அந்த வாந்தியும், கண் திறந்ததும், கதவைப் பற்றிய அந்தக் கேள்வியும்.

“கதவு கெடக்கட்டும்யா. கங்க ஏன் உள்ள கொண்டுபோனே?” என்று நான்தான் கேட்டேன்.

“பொகையே இல்லியே அண்ணே... நல்லா பழுத்த கங்கு. பொகஞ்சாத்தானே கெடுதி? நீங்க வர்றவரைக்கும் சித்த நேரம் படுக்கலாம்னு... சும்மா தூங்கிட்டேன். அதுக்குப் போயி கடப்பாரையெல்லாம்...” பேச்சு குழறியது. கையால் தலையைப் பிடித்துக்கொண்டார். “மண்டதான் வெடிக்குது.”

காக்கா வாளிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கம்பியால் சாம்பலைக் கிண்டிக்கொண்டிருந்தார். கிண்டியவர் நிறுத்தினார். வாளிக்குள் எட்டிப் பார்த்தார். தலை தூக்கி மஜ்லிஸ் பக்கம் பார்த்தார். மறுபடி வாளியை.

“செல்வராசு, நேத்து விருந்துக்கு நெறைய எரிச்சீங்களா?”

“கட்டை மேல கட்டை பாய். சின்ன அர்பாபு வேற வந்திருந்தாரு.”

“அந்தக் கங்க எல்லாம் வழிச்சு எடுத்தேல்ல?”

“ஒண்ணு விடாம.”

“இதுல அடியிலதான் கொஞ்சம் கெடக்கு. அவ்வளவு எரிஞ்சதுக்கு இந்த வாளி ரொம்பியிருக்கணும். மீதி எங்க?”

செல்வராசு சிரிக்கப் பார்த்தார். “மீதியா... அது...” என்று வேலிப்பக்கம் கையைத் தூக்கினார். தூக்கிய கை அந்தரத்தில் நின்றது. வாயும் அப்படியே நின்றது. அந்த முகத்திலிருந்து சிரிப்பு இறங்கிப்போனதை நான் பார்த்தேன். இறங்கின இடத்தில் வந்து உட்கார்ந்தது என்னவென்று எனக்குத் தெரியும். என் முகத்திலும் அதுதான் இருந்திருக்கும். வேலிக்கு அப்பால் ஆடுகள் கத்திக்கொண்டிருந்தன. நாங்கள் வந்து இறங்கியதிலிருந்தே கத்திக்கொண்டிருந்தன. வெயில் ஏறி இவ்வளவு நேரமாகியும் யாரும் பட்டியைத் திறந்துவிடவில்லை.

சுவரைப் பிடித்து எழுந்தார். விழுந்தார். நான் பிடிக்கப் போவதற்குள் மறுபடி எழுந்து ஓடினார். அதை ஓட்டம் என்பதா, ஒவ்வோர் அடியிலும் விழாமல் தப்பிக்கொண்டே போனார். வெறுங்கால். வேலி முள்கம்பியில் லுங்கி மாட்டிக் கிழிந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. நான் கடப்பாரையைத் தேடி எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். எனக்குப் பின்னால் காக்கா, ஆளை இழுத்துப் போட்ட களைப்பில் ஓட முடியாமல், இருந்த இடத்திலிருந்தே கத்தினார்: “மூச்ச அடக்கிக்கிட்டுப் போங்கப்பா! மூச்ச அடக்கிக்கிட்டு!” அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

ஆட்டுப்பட்டியின் ஓரத்தில் கல் வைத்துக் கட்டிய சின்ன அறை. ஜன்னல் கிடையாது. மரக்கதவு. கதவடியில் ஒரு பழைய கம்பளியைச் சுருட்டி அடைத்திருந்தது. நான் வேலி தாண்டும்போதே செல்வராசு அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார். இரண்டு கையாலும் அடித்தார். “குல் பாய்! குல் பாய்! தர்வாஜா கோலோ, குல் பாய்!” பதில் இல்லை. தோளால் ஒருமுறை மோதினார். கதவு அசைந்து நின்றது. நெற்றியைக் கதவில் முட்டிக்கொண்டு காதை வைத்துக் கேட்டார்.

உள்ளேயிருந்து ஓர் இருமல். ஆட்டுக்குட்டியின் தும்மல் மாதிரி, அவ்வளவு மெல்லியதாக, ஒன்றே ஒன்று.

செல்வராசு பின்னால் நகர்ந்தார். அகலமாக வாயைத் திறந்து, வெளிக்காற்றை நெஞ்சு முட்ட இழுத்து அடக்கினார். பிறகு, எந்த அர்பாபுடையதென்றும் பார்க்காமல், அந்தக் கதவின்மேல் முழு உடம்போடு போய் விழுந்து, கீலோடு பெயர்ந்த கதவோடு சேர்ந்து தானும் உள்ளே போனார்.